பால் மறக்கடித்த வருஷம்

அந்த வருஷம், எங்கள் பக்கம் கோடை தொடங்குகிற டிசம்பரிலிருந்தே மழை இல்லை. கருங்கல் மேட்டில் மண் ஒரு சாண் ஆழம்தான், அதற்குக் கீழே பாறை. மற்ற ஊர்களில் புல் வாடுகிற வெயிலில் எங்கள் பக்கம் புல் கருகியே போய்விடும். பிப்ரவரி நடுவில் டினோரா தெச்சேராவின் பட்டிக்குத் தடுப்பூசி போடப் போனபோது, தலா ஓடையின் நடுப்படுகையிலேயே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனேன். சக்கரத்தில் ஈரம்கூட ஒட்டவில்லை.

பட்டிக்குள் முப்பத்தொரு கன்றுகள் நின்றன. எல்லாம் சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். இரண்டு மாதத்துக் கன்றுகள், அதிகம் போனால் இரண்டரை. கம்பிவேலிக்கு வெளியே அவற்றின் தாய்மாடுகள் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நான் என்ன பேசினாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டு மாசத்துக் கன்னுக்கா பால் மறக்கடிக்கிறீங்க?"

"என்னது?"

"ரெண்டு மாசத்துக் கன்னுக்கான்னு கேட்டேன்!"

இறைச்சிக்கு வளர்க்கிற கன்றை ஆறு, ஏழு மாதம் தாயோடு விட்டு, இலையுதிர்காலத்தில் பிரிப்பதுதான் எங்கள் வழக்கம். டினோராவுக்கும் அது தெரியாததல்ல. நாற்பத்தாறு வயதில் நாற்பது வருஷம் மாட்டோடு இருந்தவள். குட்டையான உருவம், கனத்த கைகள். கன்றைப் பிடித்து அமுக்க அவளுக்குக் கயிறு வேண்டாம்.

"மாட்டைப் பாருங்க ஊசிக்காரரே. இடுப்பெலும்புல தொப்பியை மாட்டலாம். இதுல கன்னும் உறிஞ்சிக்கிட்டே இருந்தா குளிர் வர்றதுக்குள்ள மாடு படுத்துரும். அப்புறம் மாடும் இல்ல, கன்னும் இல்ல."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"பட்டணத்துல ஒரு கூட்டத்துல ஒரு பொண்ணு சொல்லிச்சு. மாட்டு டாக்டருக்குப் படிச்ச பொண்ணு. இப்படிச் செஞ்சு பார்த்தவங்க கையைத் தூக்குங்கன்னு கேட்டுச்சு. ஒருத்தரும் தூக்கல. நானும் தூக்கல." கன்றின் கழுத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டாள். "சரியாத்தான் செய்யுறேனா தெரியல. போடுங்க ஊசியை."

அவள் கணவன் வால்தெமார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தீவன மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரேசிலிலிருந்து வந்தவன். நெட்டையன். எதையும் சிரிக்காமல் பார்க்க மாட்டான்.

அப்போதுதான் எலாதியோ குதிரையில் வந்து வேலியோரம் நின்றான். டினோராவின் அண்ணன். அப்பாவின் நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஓடையை ஒட்டிப் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக வாழ்கிறவன். அண்ணனும் தங்கையும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. ஆனால் நடுவில் ஒரு ஆள் கிடைத்துவிட்டால் இருவரும் நிறையப் பேசுவார்கள்.

"ஊசிக்காரரே, சௌக்கியமா? உங்க பக்கத்துல நிக்கிற அம்மாகிட்ட ஒரு சேதி கேளுங்க. பச்சைப் பிள்ளை வாயிலேருந்து காம்பைப் பிடுங்குறது எந்த ஊரு வழக்கம்னு கேளுங்க."

டினோரா தலையைத் தூக்கவில்லை. "ஊசிக்காரரே, குதிரைமேல உக்காந்திருக்கறவர்கிட்ட சொல்லுங்க. அவரு மாடு ஒண்ணு முந்தாநாள் குட்டைச் சேத்துல சிக்கிக் கெடந்துச்சு. எழுந்திரிக்கக்கூடத் தெம்பில்ல. வாலைப் பிடிச்சுத் தூக்கிவிட்டது யாருன்னு அந்த மாட்டையே கேட்டுக்கச் சொல்லுங்க."

"மாடு சேத்துல விழுந்தா எழும். தாயில்லாத கன்னு எழுமான்னு கேளுங்க."

"எழுந்து நிக்குதே, கண்ணு தெரியலையான்னு கேளுங்க."

நடுவில் ஆறடி தூரம்கூட இல்லை. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினேன்.

"எங்களுக்குத் தபாலாபீஸ் தேவையே இல்ல," என்றான் வால்தெமார். "மச்சான், இறங்கி வந்து ஒரு மாத்தே டீ குடிச்சிட்டுப் போங்க. சுடுதண்ணி இருக்கு."

எலாதியோ குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

தாய்மாடுகள் மூன்று நாள் கத்தின. நான்காம் நாள் தொண்டை கட்டிக்கொண்டு காற்று மட்டும் வந்தது. அந்த மூன்று நாளும் டினோரா சரியாகச் சாப்பிடவில்லை என்று வால்தெமார் சொன்னான். கன்றுகளுக்குத் தீனி தின்னத் தெரியவில்லை. தொட்டியில் கொட்டிய தீவனத்தை மூச்சால் ஊதிவிட்டு நின்றன. அவள் ஒவ்வொன்றின் வாயிலும் விரலை விட்டாள். காம்பென்று நினைத்து அது உறிஞ்சும்போது உள்ளங்கைத் தீவனத்தை உள்ளே தள்ளினாள். நல்ல காய்ந்த புல்லைப் பரப்பி அதன்மேல் தீவனத்தைத் தூவினாள். முந்தின வருஷத்துக் காளைக்கன்று ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் விட்டாள். அது தின்பதைப் பார்த்து மற்றவை மூக்கை நீட்டின. வால்தெமார் அதற்கு 'வாத்தியார்' என்று பேர் வைத்தான்.

முதல் நாள் கன்றுக்கு ஒரு பிடி. இரண்டாம் நாள் ஒன்றரை. பத்தாம் நாளில்தான் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில். ஒரு நாள் மூட்டையின் வாய் அவிழ்ந்து கிடந்து, ஒரு கன்று புகுந்து தின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் இடது பக்க வயிறு மத்தளம்போல உப்பிவிட்டது. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டினோரா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பட்டினி போட்டாலும் சாகுது, தின்னாலும் சாகுது," என்றாள். "எந்த அளவுதாங்க சரி?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதிலில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

மிச்சம் முப்பது பிழைத்தன. புழுதியால் கண் நோய் வந்தது. மருந்து போட்டேன், ஆறியது. மார்ச் முதல் வாரத்தில், அவள் தகர வாளியை மூன்று தட்டுத் தட்டினால் முப்பதும் பாய்ந்து வந்தன. வெளியே மாடுகளின் மடி வற்றிவிட்டது, முதுகில் கொஞ்சம் சதை ஏறியது. ஒன்றிரண்டு சினைப்பருவம் வந்து காளைக்கு நின்றன. வேலியோரம் கன்று வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"மறந்துருச்சுங்க," என்றாள் டினோரா. "பத்தே நாள்ல ரெண்டும் ஒண்ணையொண்ணு மறந்துருச்சு. நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"நல்லதுதான்." வாளியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "இவ்வளவு சீக்கிரமா மறக்கும்னு நான் நெனைக்கல," என்றாள்.

மார்ச் கடைசி சனிக்கிழமை மத்தியானம் வானம் திறந்தது. முதலில் காற்று, பிறகு முட்டையளவு ஆலங்கட்டி, பிறகு மழை. நாலு மாசத்து மழையும் ஒரே மத்தியானத்தில் கொட்டியதுபோல. தலா ஓடை முந்நூறு அடி வேலியைப் பிடுங்கிக்கொண்டு போனது. டினோராவின் பட்டிமேல் யூகலிப்டஸ் மரம் சாய்ந்து பலகையை உடைத்தது. எலாதியோவின் மாடுகள் மூன்று, கம்பியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது இடி விழுந்து, நின்ற வரிசையிலேயே செத்துக் கிடந்தன.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள், சாட்சிக்கு. டினோராவின் முப்பதும் எலாதியோவின் இருபத்திரண்டும் ஒன்றாகக் கலந்து ஓடைக்கரை மேய்ச்சலில் நின்றன. ஐம்பத்திரண்டு இருக்க வேண்டியதில் நாற்பத்தேழுதான் இருந்தன. ஐந்து வெள்ளத்தோடு போயிருந்தன. யாருடைய ஐந்து?

காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்தாலும் தெரியாது. நிலத்தை வாயால்தான் பிரித்துக்கொண்டார்கள், காகிதத்தில் இல்லை. அதனால் இருவரும் அப்பாவின் காது வெட்டையே போட்டார்கள், அப்பாவின் சூட்டுக்குறியையே வைத்தார்கள். இருவரின் மாடுகளும் அப்பாவின் மாடுகளுடைய மகள்கள்.

"சுலபம்," என்றான் வால்தெமார். "நம்ம கன்னு வாளிச் சத்தத்துக்கு வரும். மச்சான் கன்னு மடிக்குப் போகும். வர்றது நம்மது, போறது அவரது."

டினோரா வாளியைத் தட்டினாள். முப்பத்துமூன்று கன்றுகள் ஓடி வந்தன.

நான் மறுபடி எண்ணினேன். முப்பத்துமூன்றுதான்.

எலாதியோ என்னைப் பார்த்துச் சொன்னான், "ஊசிக்காரரே, முப்பது வெச்சிருந்த ஆளுக்கு வெள்ளத்துல கன்னு குட்டி போட்டுருச்சான்னு கேளுங்க."

வால்தெமார் தொண்டையைச் செருமினான். "அது வந்து மச்சான்... உங்க கன்னுங்க சிலது ஒரு மாசமாவே கம்பிக்குக் கீழே புகுந்து வந்து எங்க தொட்டியில தின்னுட்டுப் போகுதுங்க. நான் பார்த்தேன். பசியா இருக்குதேன்னு விட்டுட்டேன்."

டினோரா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் மூட்டை சீக்கிரம் தீருதா?"

"நீ கவலைப்படுவேன்னுதான் சொல்லல."

"நான் அளவைத் தப்பாப் போடுறேன்னு தினமும் மண்டையை உடைச்சுக்கிட்டேனே!"

"சரி," என்றான் எலாதியோ. "இப்ப என் மாட்டை விடுறேன்."

அவன் மாடுகள் கத்திக்கொண்டு உள்ளே வந்தன. கன்றுகள் ஓடின. இருபத்தைந்து கன்றுகள் மடியில் முட்டின. அவனிடம் கறவையோடு மிச்சமிருந்தது பத்தொன்பது மாடு. ஒரு மாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கன்றை வெள்ளத்தில் தொலைத்த மாடுகள் வந்ததையெல்லாம் நக்கின. சில மாடுகள் முதலில் உதைத்தன, பிறகு சும்மா நின்றுவிட்டன. வாளிக்கு வந்து தின்ற கன்றுகளில் பதினொன்று, வாயில் தீவனம் ஒட்டியிருக்கும்போதே மடியிலும் போய் முட்டின.

டினோரா வாளியைக் கீழே வைத்தாள். ஒரு கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட கிடேரிக் கன்றைக் காட்டினாள். "அது என்னுது. அதுக்குக் கண்ணு வலி வந்தப்ப தினமும் நான்தான் துடைச்சுவிட்டேன். அது எப்படி அங்க போய்க் குடிக்குது? ஒன்றரை மாசமாச்சே."

அப்போது எலாதியோ அவளைப் பார்த்துப் பேசினான். என்னைப் பார்த்து இல்லை. அவளை.

"மறக்கடிச்சேன் மறக்கடிச்சேன்னு சொன்னியே. எதையும் மறக்கல. பாரு. மடியைக் காட்டினதும் ஓடுது. நீ பிடுங்கினதால மறந்துருமா? அப்பா வாயிலேருந்து கரண்டியை எடுத்த கைதானே உன் கை."

வால்தெமார் முகத்தில் சிரிப்பில்லை.

ஐந்து வருஷமாக வேலி எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஊரில் எல்லோரும் நிலத் தகராறு என்றுதான் சொல்வார்கள்.

"அண்ணே," என்றாள் டினோரா. குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "டாக்டர்தான் வேண்டாம்னாரு. ஊட்டினா நெஞ்சுக்குள்ள போயிருதுன்னாரு. ஒவ்வொரு வாய்க்கும் உதடு நீலமாப் போச்சு. நீ பார்த்தியா? நீ அந்த வாரம் பூரா யாரோ ஒருத்தன் மாட்டை ஓட்டிக்கிட்டு வடக்கே போயிருந்தே."

"திரும்பி வந்தப்போ பசியோட செத்துக் கெடந்தாரு."

"பசியான்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

"ஒரு கரண்டி குடுத்துப் பார்த்திருக்கலாம்."

"குடுத்தேன். டாக்டர் போனப்புறம் ரெண்டு தடவை குடுத்தேன். அதனாலதான் போனாரோ என்னவோ. அதுவும் எனக்குத் தெரியாது. போதுமா?"

எலாதியோ குதிரையின் கடிவாளத்தைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தான்.

கன்றுகளைப் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மடிக்கு மட்டும் போன பதினாலு அவனுக்கு, வாளிக்கு மட்டும் வந்த இருபத்திரண்டு அவளுக்கு. இரண்டு பக்கமும் போன பதினொன்றை என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. சீட்டுப் போடலாம் என்றேன். இருவருமே வேண்டாம் என்றார்கள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னது அன்றைக்கு அது ஒன்றுதான்.

"வேலி கட்டக் கம்பி வர ஒரு மாசமாகும்," என்றான் வால்தெமார். "அதுவரைக்கும் ஓடைக்கரையிலேயே நிக்கட்டும். ரெண்டு வீட்டுச் சாப்பாடும் சாப்பிடட்டும்."

அப்படியே ஆனது. காலையில் டினோரா போய் வாளியைத் தட்டினாள். சாயங்காலம் எலாதியோவின் மாடுகள் ஓடைக்கரைக்கு இறங்கின. கம்பி வந்தது. யாரும் கட்டவில்லை. ஏப்ரலில் மழைப் புல் பச்சையாக எழுந்தது, ஆனால் தண்ணீர்ப் புல், தின்றால் கழியும், உடம்பில் ஒட்டாது. நான் போகும்போதெல்லாம் அந்தப் பதினொன்றைப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் தின்பவை கொழுக்கும் என்று நினைத்தேன். சில கொழுத்தன. சில, எங்கே நிற்பதென்று தெரியாமல் நாள் முழுக்க நடந்தே இளைத்தன.

ஜூனில், குளிர்காலம் தொடங்கியதும், உறைபனி விழுந்தது. காலையில் மேடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக இருக்கும். பத்து மணி வெயிலில் புல் கறுத்துத் தலைசாயும். டினோராவின் மாடுகள் உடம்பில் சதையோடு, பெரும்பாலும் சினையோடு நின்றன. எலாதியோவின் மாடுகள் இன்னமும் ஏழு மாதக் கன்றுகளைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு எலும்பாக நின்றன. அவன் இலையுதிர்காலத்தில் பிரித்திருக்க வேண்டும். ஏனோ பிரிக்கவில்லை. ஜூன் கடைசியில் இரண்டு மாடு படுத்தது, எழவில்லை.

ஜூலையில் ஒரு மத்தியானம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மழை வந்தால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் மாவு பிசைந்து கொழுப்பில் அப்பம் பொரிப்பார்கள். நான் டினோராவின் சமையலறையில் மூன்றாவது அப்பத்தில் இருந்தபோது நாய்கள் குரைத்தன. ஜன்னலில் பார்த்தேன். எலாதியோ நடந்து வந்துகொண்டிருந்தான், மழை சொட்டுகிற போன்ச்சோப் போர்வையோடு. முன்னால் அவன் மாடுகளும் கன்றுகளும். வேலி இல்லாத இடத்தில் நின்றுவிட்டான். வேலி இருந்த கோட்டைத் தாண்டவில்லை.

டினோரா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் வால்தெமாரும் பின்னால் போனோம்.

எலாதியோ என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான். பிறகு அவளைப் பார்த்தான்.

"தங்கச்சி. எப்படிச் செய்யணும்னு சொல்லு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. மாடு சாகுது."

"சொல்றேன். ஆனா நான் பிடிச்சுப் பிரிக்க மாட்டேன். நீதான் பிரிக்கணும்."

"ஏன்?"

"அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி என் கையைக் குறை சொல்லுவே."

அவன் போன்ச்சோவைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு முதல் கன்றைப் பிடித்தான். ஏழு மாதக் கன்று லேசில் வராது. சேற்றில் இழுத்தது, அவன் ஒருமுறை முழங்காலிட்டு விழுந்தான். யாரும் உதவிக்குப் போகவில்லை, அவள் போக விடவில்லை. பதினேழு மாட்டிலிருந்தும் பிரித்து, கன்றுகளைப் பட்டிக்குள் தள்ளி, பலகையைச் சாத்தும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. சிவப்பு வளையக் கண் கிடேரி கடைசியாக வந்தது. அதை எந்த மாட்டிடமிருந்து இழுத்தானோ, அந்த மாடு அவனோடு பட்டிவாசல் வரைக்கும் நடந்து வந்தது.

மாடுகள் கத்த ஆரம்பித்தன.

எலாதியோ பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். டினோரா சுரைக்குடுக்கையில் மாத்தே ஊற்றிக்கொண்டு போய் நீட்டினாள். அவன் வாங்கி உறிஞ்சினான்.

"எத்தனை நாள் கத்தும்?"

"மூணு நாள். உன்னுது பெரிய கன்னு, நாலு நாள் ஆகலாம்."

"நீ என்ன செஞ்சே அந்த மூணு நாளும்?"

"ஒண்ணும் செய்யல. கேட்டுக்கிட்டே இருந்தேன்."

குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தான். "அப்பா... அன்னைக்கு ஏதாவது கேட்டாரா?"

"தண்ணி கேட்டாரு. துணியை நனைச்சு உதட்டுல வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் 'பையன்'னு சொன்னாரு."

எலாதியோ நிமிர்ந்தான்.

"உன்னைத்தான்னு சொல்ல எனக்கு ஆசைதான் அண்ணே," என்றாள் டினோரா. "ஆனா தெரியல. பக்கத்துல இவரு நின்னுக்கிட்டிருந்தாரு, இவரையும் அவரு பையான்னுதான் கூப்பிடுவாரு. வெளியே அவரு 'பையா'ன்னு செல்லமாக் கூப்பிடுற காளைக்கன்னு ஒண்ணும் கத்திக்கிட்டிருந்துச்சு. யாரைச் சொன்னாருன்னு தெரியல. அஞ்சு வருஷமா யோசிச்சுப் பார்க்குறேன்."

வால்தெமார் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் தெரியல மச்சான்," என்றான்.

மழை கொஞ்சம் பலத்தது. பட்டிக்குள் கன்றுகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் வாசல் என்று தேடின. எலாதியோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழையா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் போய்த் தீவன மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தங்கையின் முன்னால் நின்றான்.

"கன்னுக்கு எத்தனை பிடி?"

"இன்னைக்கு ஒண்ணு."

"ஒண்ணு போதுமா?"

"தெரியல," என்றாள் டினோரா. "ஒண்ணுலேருந்து ஆரம்பி."